டொக்டர் துவக்கைப் பற்றிக் கேட்ட நாள்

வீட்டில் துவக்கு, அதாவது துப்பாக்கி, இருக்கிறதா என்று ஒரு டொக்டர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி பவளமும் அதே நேரத்தில் இல்லை என்றாள். இரண்டும் பொய். அந்தப் பொய்யால் என் உயிர் போகப் பார்த்தது. பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்டது இதய ஒப்பரேஷனைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லித்தான். ஒப்பரேஷனைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். துவக்கைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் தமிழ்க் கடைகளில் நீங்கள் வாங்கும் முளைக்கீரை, வெந்தயக் கீரை, பச்சை மிளகாய் எல்லாவற்றிலும் பாதி என் தோட்டத்தில் விளைந்தது. பாதிக்கு மேல் என்றும் சொல்லலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த நகரத்தில் கோப்பை கழுவி, கூரைக்கு ஓடு அடித்து, மார்க்கத்துக்கு வடக்கே யாரும் வேண்டாம் என்று விட்ட சதுப்புக் காணியை வாங்கி, இன்று நான்கு கிறீன்ஹவுஸ் வைத்திருக்கிறேன். பட்டம் பெற்றவர்கள் என்னிடம் வந்து "அங்கிள், எப்பிடிச் செய்தனீங்கள்" என்று கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

தோட்டத்தில் கோழியும் வளர்த்தேன். கொயோட்டி என்று இங்கே ஒரு நரி இருக்கிறது. அது கூட்டைப் பிரித்து உள்ளே போய் ஒன்பது கோழியைக் கொண்டுபோனது. பக்கத்துக் காணிக்கார வெள்ளைக்காரக் கிழவர் டொன் துவக்கு வாங்கச் சொன்னார். அதற்கு வகுப்பு, ஆங்கிலத்தில் பரீட்சை, லைசென்ஸ் எல்லாம் உண்டு. என்னோடு வகுப்புக்கு வந்த ஒரு கணக்காளர் பரீட்சையில் தவறினார். நான் முதல் தடவையே சித்தியடைந்தேன். அந்த லைசென்ஸ் அட்டையைக் கலியாண வீட்டுப் பந்தியில்கூட எடுத்துக் காட்டியிருக்கிறேன். துவக்கை மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில், நிலத்தடி அறையில், ஓர் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். அதற்கு ஒரே ஒரு திறப்பு, ஒரே ஒரு சாவி. அது என் திறப்புக் கோர்வையில் வான் வண்டித் திறப்போடு தொங்கும்.

நோய் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் வந்தது. கன்றுக்கு நூல் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு நெஞ்சின் மேல் யாரோ உரமூட்டையை வைத்தது போல் இருந்தது. வாய்வு என்று நினைத்தேன். இடது கை விறைத்தது. வேறு யாரும் என்றால் ஆம்புலன்சுக்கு அடித்திருப்பார்கள். நான் வானை நானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கனகாலம் இதைக் கெட்டித்தனம் என்று சொல்லித் திரிந்தேன். எதிரே வந்த கார்களில் எத்தனை பிள்ளைகள் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் வியர்க்கிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் அஞ்சியோகிராம் செய்தார்கள். மணிக்கட்டுக்குள்ளால் மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எங்கே அடைபட்டிருக்கின்றன என்று திரையில் பார்ப்பது அது. எனக்கு மூன்று இடத்தில் அடைப்பு. சொட்டுநீர்க் குழாயில் உப்புப் பிடித்தால் கடைசிக் கன்று எப்படி வாடுமோ அப்படித்தான் என் இதயமும் வாடிக்கொண்டிருந்தது. பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். காலில் இருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி வேறு பாதை போடுவது. நானும் தோட்டத்தில் அதைத்தான் செய்வேன் என்று டொக்டருக்குச் சொன்னேன். ஆனால் நான் செய்யும்போது குழாய்க்கு வலிக்காது. நெஞ்செலும்பை நடுவே பிளப்பார்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு வேறு கதை வரவில்லை.

ஆறு நாள் வார்ட்டில் காத்திருந்தேன். என்னைவிட அவசரமான ஆள் வந்தால் என் முறை தள்ளிப்போகும். ஒவ்வொரு நாளும் காலையில் சாப்பிடாமல் இருந்து, மத்தியானம் "இன்றைக்கு இல்லை" என்று கேட்பது. பவளம் பிளாஸ்கில் ரசம் கொண்டு வருவாள். மகள் சுகி வேலைக்கு லீவு போட்டு, காத்திருக்கும் அறையில் மடியில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு என் தோட்டக் கணக்கைப் பார்த்தாள். தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் ஒப்பரேஷனுக்குக் கொண்டு போனார்கள். கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய், நாக்கு மரத்துண்டு. தண்ணீர் கேட்க வாய் இல்லை. எழுப்பி இருத்தியபோது ஒரு சிறு தலையணையைத் தந்தார்கள். இருமல் வந்தால் அதை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளந்து தைத்த இடம் கிழிவது போல் வலிக்கும். நாற்பது கிலோ உரப்பையைத் தோளில் எறிந்தவன் தலையணையைக் கட்டிப்பிடித்து இருமினேன்.

ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள், சாப்பாட்டுத் தட்டில் ஜெலி வைத்தபோது அழுதேன். காரணம் இல்லை. பிலிப்பைன்ஸ் நேர்ஸ் தோளைத் தட்டி, இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு பலருக்கு இப்படி வரும், தொடர்ந்து இருந்தால் டொக்டருக்குச் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணுக்குள் தூசி என்றேன். ஆஸ்பத்திரியில் ஏது தூசி.

வீட்டுக்கு வந்தேன். நெஞ்செலும்பு பொருந்தும் வரை நேராகப் படுக்க முடியாது. சாய்ந்து தூங்கும் பெரிய கதிரை பேஸ்மென்றில் இருந்தது. அங்கேயே விட்டார்கள். கார் ஓட்டக் கூடாது. ஒரு பால் கலனுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் சுகிக்குப் போன் எடுத்துத் தோட்டத்தைப் பற்றிக் கேட்பேன்.

"எல்லாம் ஓகே அப்பா. நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ."

"வெந்தயம் வெட்டியாச்சோ?"

"நேற்றே வெட்டியாச்சு. கடைக்கும் போயிட்டுது. உங்கட ஷெடியூலைக் கொஞ்சம் சேஞ்ச் பண்ணினனான். இப்ப டைம் மிச்சம்."

முப்பது வருடம் நான் இல்லாவிட்டால் ஒரு கீரைப்பிடி கடைக்குப் போகாது என்று சொல்லித் திரிந்தேன். நான் இல்லாமல் எல்லாம் ஓகே. அந்த 'ஓகே' நெஞ்சைப் பிளந்ததைவிட வலித்தது. கதிரைக்கு நேரே இருந்தது இரும்பு அலுமாரி. நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் திறந்தால் அது நின்றது.

மூன்று கிழமை கழித்து எங்கள் குடும்ப டொக்டரிடம் போனோம். நல்ல மனுசி, தமிழர் இல்லை. சுகி மொழிபெயர்க்க வந்தாள். காயத்தைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், பிறகு ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"நித்திரை வருதோ எண்டு கேக்கிறா அப்பா."

"ராசா மாதிரி வருது எண்டு சொல்லு."

பவளம் சுவரைப் பார்த்தாள்.

"அடுத்தது..." சுகியின் குரல் இறங்கியது. "சொறி அப்பா. இது அவவின்ர கேள்வி. இனி வாழ்ந்து என்ன எண்டு எப்பவாவது நினைக்கிறீங்களோ எண்டு."

தான் தூக்கி வளர்த்த பிள்ளை கலங்கிய கண்ணோடு இதைக் கேட்டால் எந்தத் தகப்பன் ஓம் என்பான்?

"எனக்கு என்ன குறை? நாலு கிறீன்ஹவுஸ் இருக்கெண்டு சொல்லு."

பிறகு டொக்டர் அந்தத் துவக்குக் கேள்வியைக் கேட்டார். சுகி வாய் திறக்க முன்னமே நான் "நோ" என்றேன். பவளமும் "நோ" என்றாள். இத்தனை வருடத்தில் பல் டொக்டர் சொல்வதுகூட விளங்காத பவளத்துக்கு அந்தக் கேள்வி மட்டும் உடனே விளங்கியது. எங்கள் இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே, ஊரில் யுத்த காலத்தில், எங்கள் வாசலில் அந்தக் கேள்வி எத்தனையோ தரம் கேட்கப்பட்டது. ஆமி, அதாவது இராணுவம், கேட்டது, மற்றவர்களும் கேட்டார்கள். கேட்ட ஆட்கள் மாறினார்கள், கேள்வி மாறவில்லை. துவக்கு இல்லாத வீடும் இல்லை என்றது, இருந்த வீடும் இல்லை என்றது. ஓம் என்ற வீட்டைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. எனக்கும் பவளத்துக்கும் அந்தப் பதில் மூச்சு விடுவது போல. யோசித்து வருவதில்லை.

காருக்குள் சுகி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் பொய் சொன்னனீங்கள்? உங்களிட்டை லைசென்ஸ் இருக்கு. அது லீகல்."

"உவையிட்டைச் சொன்னால் பொலிசுக்குப் போகும். லைசென்சைப் பறிப்பினம்."

"அப்பா, அவ டொக்டர்."

"கேக்கேக்க எல்லாரும் நல்லாத்தான் கேப்பினம்."

பவளம் பின்சீற்றில் இருந்தாள். வழக்கமாக என் பக்கம் கதைப்பவள் அன்று யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மல்வேர்னில் இருந்து என் சிநேகிதன் சிவராசா தோடம்பழத்தோடு பார்க்க வந்தான். சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டினேன். பிறகு டொக்டரின் கேள்வியைச் சொன்னேன்.

"சரியாத்தான் சொன்னனீ," என்றான். "நெஞ்சு பாக்கிற டொக்டர் நெஞ்சைப் பாக்கட்டும். அலுமாரி பாக்கிறது அவவின்ர வேலையோ?"

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"எட்டாம் வகுப்பெண்டாலும் உனக்கு மூளை இருக்கடாப்பா."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் நெஞ்சு வலிக்கும் என்பதால் தலையணையைக் கட்டிப்பிடித்துச் சிரித்தேன். அவன் போன பிறகு பேஸ்மென்றில் சத்தம் இல்லை. அலுமாரி நின்றது.

இனி எழுதப்போகும் பகுதிக்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு தரம் கிழித்துப் போட்டேன்.

டொக்டரைப் பார்த்து ஒன்பது நாள் கழித்து, பகல் பதினொரு மணி. வெளியே நல்ல வெயில். மேலே பவளம் மரக்கறி வெட்டும் சத்தம் கேட்டது. நான் இல்லாவிட்டாலும் இந்தச் சத்தம் எப்படியும் கேட்கும், கீரை எப்படியும் கடைக்குப் போகும், எல்லாம் ஓகே என்று ஒரு நினைப்பு வந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. கணக்கு முடித்துக் கொப்பியை மூடுவது போல அமைதியாக வந்தது. என்னை அறியாமல் எழுந்திருக்கிறேன். நிதானம் வந்தபோது அலுமாரிக்கு முன்னால் நின்றேன். கையில் திறப்புக் கோர்வை.

வான் திறப்பு இருந்தது. கிறீன்ஹவுஸ் திறப்புகள் நான்கும் இருந்தன. அந்தச் சின்னத் திறப்பு இல்லை. திரும்ப எண்ணினேன். இல்லை.

அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது. ஒப்பரேஷன் தள்ளிப்போக உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்று மேலே எழுதினேன். அது வேறொருவர் கையில் என் உயிரைக் கொடுக்கும் பயம். இங்கே நடுங்கியது என் சொந்தக் கை. அதை என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் கடந்தபோதும், கூரையில் இருந்து வழுக்கியபோதும் அப்படிப் பயந்ததில்லை.

மரக்கறி வெட்டும் சத்தம் நின்றிருந்தது. பவளம் படிக்கட்டில் நின்றாள். கையில் கத்தரிக்காய்.

"என்ன தேடுறியள்?"

"திறப்பு எங்க?"

"எந்தத் திறப்பு?"

"தோட்டத்தில கொயோட்டி வருதாம். டொன் போன் எடுத்தவர்."

"கொயோட்டி தோட்டத்துக்கு வருதோ, உங்கட நெஞ்சுக்கை வருதோ?"

அவள் கீழே இறங்கி வந்து, கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். எங்கள் பெண்கள் கொடியில் சட்டை ஊசி கொளுவி வைத்திருப்பார்கள், தெரியும்தானே. அந்த ஊசிகளுக்கு நடுவே அலுமாரித் திறப்பு தொங்கியது.

"எப்ப எடுத்தனீர்?"

"டொக்டரிட்டைப் போட்டு வந்த அண்டைக்கே."

"அப்ப ஏன் நீரும் இல்லையெண்டனீர்?"

"வாய் சொல்லிப்போட்டுது." அவள் கொடியைத் திரும்ப உள்ளே விட்டாள். "சொன்னாப் பிறகுதான் யோசிச்சன். ஆமிக்காரன் எங்களைக் கொல்லக் கேட்டவன். உந்த மனுசி ஏன் கேட்டவ? நீங்கள் ஜெலிக்கு அழுததை நேர்ஸ் எனக்குச் சொன்னவ. ஒன்பது நாளா நான் குளிக்கேக்கையும் இதைக் கழட்டேல்லை."

அவள் குரல் உடையவில்லை. கத்தரிக்காயைப் படியில் வைத்தாள். படியிலேயே இரண்டு பேரும் இருந்தோம். நான் நினைத்ததை அவளுக்குச் சொன்னேன். முப்பத்தெட்டு வருடத்தில் அவளுக்குச் சொன்ன முதல் பயம் அது. அவள் என் கையில் இருந்த திறப்புக் கோர்வையை வாங்கித் தன் மடியில் வைத்தாள்.

சுகிக்கு நானே போன் எடுத்தேன். அடுத்த நாளே டொக்டரிடம் போனோம். சுகியை வெளியே இருக்கச் சொன்னேன். டொக்டர் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். முகம் தெரியாத ஒரு தமிழ்க் குரல். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"அண்டைக்குக் கேட்ட கேள்வியளைத் திரும்பக் கேக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

கேட்டார். நித்திரை இல்லை என்றேன். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருகிறது, நேற்று வந்தது, என் காலும் அலுமாரி வரை போனது என்றேன். துவக்கு இருக்கிறதா என்றார். "யெஸ்," என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. பொலிஸ் இப்போதே கதவைத் திறக்கும் என்று முதுகு காத்திருந்தது. திறப்பு எங்கே என்று டொக்டர் கேட்டார். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் பவளம் கொடியை இழுத்துக் காட்டினாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். இதய ஒப்பரேஷனுக்குப் பிறகு பலருக்கு மனம் கீழே போகும். அதற்கு மனச்சோர்வு என்று பேர். காயம் போல அதுவும் ஒரு நோய், அதற்கும் மருந்து உண்டு, கதைத்து ஆற்றுகிற ஆட்களும் உண்டு. சாக வேண்டும் என்ற நினைப்பு பெரும்பாலும் வந்து போகிற நினைப்பு. அது வருகிற நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் கேட்கிறோம், உங்களைப் பிடித்துக் கொடுக்க இல்லை என்றார். நான் தேறும் வரை துவக்கு வேறு லைசென்ஸ்காரர் வீட்டில் இருக்க வேண்டும், அந்த நினைப்பு திரும்ப வந்தால் எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். பொலிஸ் வரவில்லை.

இப்போது சிவராசாவுக்கும் அவனைப் போல நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். டொக்டர் கேட்கத்தான் வேண்டும். அலுமாரியும் நெஞ்சும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. ஆனால் டொக்டர்மாருக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. எட்டாம் வகுப்புக்காரன் சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். எங்களைப் போன்ற ஆட்களிடம் அந்தக் கேள்வியைப் பிள்ளையின் வாயால் கேட்காதீர்கள். ஏன் கேட்கிறீர்கள், பதில் எங்கே போகும் என்று முதலில் சொல்லுங்கள். முதல் 'இல்லை'யோடு தாளை மூடாதீர்கள். இன்னொரு நாள் திரும்பக் கேளுங்கள். அந்த ஒன்பது நாளும் என்னைக் காப்பாற்றியது உங்கள் தாள் இல்லை, ஒரு ஊசிக் கொத்து.

அந்தச் சனிக்கிழமை, லைசென்ஸ் உள்ள டொன் தன் டிரக்கில் வந்தார். என்னை மேலே குசினியில் இருத்திவிட்டுப் பவளமும் சுகியும் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். பவளம் திறப்பைக் கழற்றாமல், கழுத்தோடு குனிந்தே பூட்டைத் திறந்தாளாம். டொன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். துவக்கை உறையில் போட்டு எடுத்துப் போகும்போது குசினி வாசலில் நின்று, இளவேனிலில் வாத்துகள் வரும், அப்போது பார்ப்போம் என்றார். பவளம் அவருக்கு வடை கட்டிக் கொடுத்தாள்.

இன்று மருந்து எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மனுசியோடு போய்க் கதைக்கிறேன். தோட்டத்துக்கும் போகிறேன். சுகியின் ஷெடியூல் என்னுடையதைவிட நல்லது என்று இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. இளவேனில் வந்து போய்விட்டது. துவக்கைத் திரும்பக் கேட்கவில்லை.

டொன் போன அன்று பின்னேரம் குளிக்கப் போக முன் பவளம் திறப்பைக் கொடியில் இருந்து கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அது கிடந்த இடத்தில், கழுத்துக்குக் கீழே, திறப்பின் பல்லுப் பதிந்து தோல் கறுத்திருந்தது. என் நெஞ்சுத் தழும்பை வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் சட்டையைத் திறந்து காட்டியிருக்கிறேன். அவளுடைய அந்தக் கறுப்பைப் பற்றி இன்றுதான் வெளியே சொல்கிறேன்.